பின் குறிப்பு

எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு கடிதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. ஒரு கதையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் எழுதுகிறார். நான் இரண்டு வரி பதில் போடுகிறேன். அந்தப் பதிலுக்குப் பதிலாக வரும் கடிதத்தில் முதல் வரி கதையைப் பற்றி இருக்கும். அடுத்த பாராவில் அவர் ஊர்க் கோயில் குளம் தூர் வாரப்படாமல் கிடக்கிற விஷயம் வந்துவிடும். மூன்றாம் பக்கத்தில் எழுத்துச் சீர்திருத்தம் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று ஒரு கேள்வி. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, 'பி.கு.' என்று போட்டு அதற்குக் கீழேதான் உண்மையான சமாசாரம் இருக்கும்: தம்பி மகன் கதை எழுதுகிறான், அனுப்பி வைக்கலாமா? அந்த ஒரு கேள்வியைத் தனியாக ஒரு கார்டில் எழுதியிருந்தால் அன்றைக்கே பதில் போயிருக்கும். நாலு பக்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதால் அது என் மேஜையில் மூன்று மாதம் தூங்குகிறது.

நேரில் பேசும்போது புதுப் பேச்சை எடுப்பதற்கு நமக்கு எத்தனையோ உபாயங்கள் இருக்கின்றன. தொண்டையைக் கனைத்துக்கொள்ளலாம், வெற்றிலைச் செல்லத்தை நகர்த்தி வைக்கலாம், "அது கிடக்கட்டும்" என்று ஆரம்பிக்கலாம். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தாலே, இப்போது இதைக் கேட்கலாமா, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தெரிந்துவிடும். கடிதத்துக்கு முகம் கிடையாது. அதிலும், எழுதுகிற கடிதத்தை ஒருவர் அல்ல, ஊர் ஊராகப் பல பேர் படிக்கப் போகிறார்கள் என்றால் சங்கடம் இன்னும் அதிகம். அப்படி ஓர் ஏற்பாடு சுமார் 350 வருஷங்களுக்கு முன்னால் லண்டனில் இருந்தது. அதைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் மேஜைமீது கிடக்கும் கடிதங்களைப் பற்றியும், நான் ஒரு தடவை செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அந்தக் காரியத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஏற்பாட்டை நடத்தியவர் ஹென்றி ஓல்டன்பர்க் என்ற ஜெர்மானியர். பிரெமன் நகரத்துக்காரர். 1653-ல் அந்த நகரத்தின் தூதராக இங்கிலாந்துக்கு வந்தவர், பிறகு அங்கேயே தங்கி, புதிதாக ஏற்பட்டிருந்த ராயல் சொஸைட்டி என்ற விஞ்ஞான சங்கத்துக்குக் காரியதரிசி ஆனார். இவருக்கு முன்பே பாரிஸ் நகரத்தில் மெர்சென் என்ற கிறிஸ்தவத் துறவி இதே வேலையைச் செய்திருக்கிறார். டேக்கார்ட், பெர்மா, டாரிசெல்லி போன்ற பெரிய மூளைகளெல்லாம் அவர் மூலமாகத்தான் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டன, சண்டையும் போட்டுக்கொண்டன. 1648-ல் மெர்சென் காலமானார். ஓல்டன்பர்க் அந்தத் தொழிலை ஒரு காரியாலய ஒழுங்குக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். டான்ஸிக் நகரத்து வானசாஸ்திரி எழுதியதைப் பிரதி எடுத்துப் பாரிஸுக்கு அனுப்புவார். பாரிஸ்காரர் அதைப் பற்றிச் சொன்னதை லண்டனில் வாராந்தரக் கூட்டத்தில் படித்துக் காட்டுவார். கூட்டத்தில் நடந்த பேச்சு மறுபடி கடிதமாகி டான்ஸிக் போகும். 1665-ஆம் வருஷம் மார்ச் மாதம் 6-ந் தேதி இந்தக் கடிதங்களின் சாரத்தைக் கொண்டு தம் சொந்தப் பொறுப்பில் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். 'பிலாசபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்ற அந்தப் பத்திரிகை இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

எழுபது சொச்சம் பேரோடு இப்படிக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறீர்கள் என்று மார்டின் லிஸ்டர் என்ற வைத்தியர் அவரைக் கேட்டாராம். பேனா, மை, காகிதம் மூன்றையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளாமல் நான் எந்தக் கடிதத்தையும் பிரிப்பதில்லை என்றார் ஓல்டன்பர்க். ஒரு கடிதத்தையே இன்னொரு கடிதத்துக்குப் பதிலாக ஆக்கிவிடுவேன் என்றும் சொன்னார். இந்த யோசனையை நானும் கைக்கொண்டு பார்த்தேன். நாலு நாள் நடந்தது.

அந்தக் காலத்தில் தபால் கூலியைக் கொடுக்க வேண்டியவர் கடிதத்தைப் பெறுகிறவர். முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கினால், உங்கள் ஆவலுக்கு அவர் பணம் கட்டி வாங்க வேண்டும். தாள் அதிகமானால் கூலியும் அதிகம். ஆகவே, இன்னொருவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நாம் உபசாரமாகச் சொல்வது அவர்களுக்குக் கைக்காசு சம்பந்தமான சங்கதி. ஓல்டன்பர்க் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு 'குரூபெண்டால்' என்று ஒரு பெயரை உண்டாக்கினார். லண்டன் குரூபெண்டாலுக்கு என்று விலாசமிட்டு வருகிற கடிதங்கள் நேரே அரசாங்கக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து கூலியில்லாமல் இவரிடம் வந்து சேரும். பிரதியாக, அவற்றில் உள்ள வெளிநாட்டு அரசியல் செய்திகளை இவர் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு நாவலாசிரியனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1667 ஜூன் மாதம், டச்சுக்காரர்கள் கப்பல்களோடு மெட்வே ஆற்றுக்குள்ளேயே நுழைந்து இங்கிலாந்தைக் கதிகலங்க அடித்த சமயம், ஓல்டன்பர்க்கைப் பிடித்து டவர் சிறையில் போட்டுவிட்டார்கள். யுத்தம் நடக்கிற லட்சணத்தைப் பற்றிக் கடிதங்களில் ஏதோ குறை சொல்லியிருந்தார். பிரான்ஸில் உள்ள ஒரு சிநேகிதருக்குச் செய்தி எழுதியதற்காகச் சிறையாம் என்று சாமுவேல் பெப்பிஸ் தம் டயரியில் குறித்து வைத்திருக்கிறார். சமாதானம் ஏற்பட்டு, ஆகஸ்டு கடைசியில்தான் மனுஷர் வெளியே வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் இத்தாலியில் இருந்த மால்பீகி என்ற உடற்கூறு பண்டிதருக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினார். இதற்கு முன் இருவருக்கும் பழக்கமில்லை. நாங்கள் இன்னார், எங்கள் நோக்கம் இன்னது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எதைப் பற்றி எழுதலாம் என்று சில விஷயங்களைக் குறிப்பிட்டிருந்தார். அவற்றில் ஒன்று பட்டுப்பூச்சி. "தங்கள் மேலான கருத்துக்களை எதிர்பார்க்கிறோம்" என்று நாம் எழுதுகிறோமே, அந்த ரகமல்ல. அது எதிராளியைத் திக்குத் தெரியாத காட்டில் விட்டுவிட்டு வருவது. பட்டுப்பூச்சி என்று கேட்டால் பட்டுப்பூச்சியை எடுத்துப் பார்க்கலாம். மால்பீகி பார்த்தார். கண் சிவந்து, ஜுரம் கண்டு, மாதக்கணக்கில் புழுக்களை அறுத்துப் பார்த்து ஒரு முழுப் புஸ்தகமே எழுதி அனுப்பிவிட்டார். ஒரு பூச்சியின் உடம்பை முழுசாக ஆராய்ந்த முதல் புஸ்தகம் அதுதான். 1669-ல் ராயல் சொஸைட்டியே அதை அச்சிட்டது.

இதற்கு நேர் எதிரான ஆசாமி, ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் இருந்த லீவன்ஹூக். துணி வியாபாரி. டச்சு பாஷை தவிர வேறு தெரியாது. பண்டிதர்களின் லத்தீன் அறவே தெரியாது. அப்படிப்பட்டவர் சபையில் எப்படிப் பேச்செடுப்பது? அதே ஊர் வைத்தியர் டி கிராஃப் ஓல்டன்பர்க்குக்கு ஏற்கனவே பழக்கமானவர். 1673 ஏப்ரலில் அவர் ஓர் அறிமுகக் கடிதம் எழுதி, அதற்குள் லீவன்ஹூக்கின் கடிதத்தை வைத்து அனுப்பினார். கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சபையில் உட்கார வைப்பது போல. நல்ல வேளை, ஏனென்றால் அந்த வருஷம் ஆகஸ்டிலேயே டி கிராஃப் இறந்துபோனார். லீவன்ஹூக் அதற்குப் பிறகு 50 வருஷம், சாகிற வரையில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருடைய கடிதங்களைப் பார்த்தால் என் வாசகர்களை மன்னித்துவிடலாம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதைத் தண்ணீரில் ஊறப் போட்டார். அந்தத் தண்ணீரைத் தம் கண்ணாடி வழியே பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்கள் கோடிக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தன! 1676 அக்டோபரில் பதினேழு பக்கத்துக்கு மேல் அதைப் பற்றி எழுதினார். ஓல்டன்பர்க் அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, மொழிபெயர்த்துப் பத்திரிகையில் போட்டார். லண்டனில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. டெல்ஃப்ட் துணி வியாபாரி கோபித்துக்கொள்ளாமல், பாதிரிமார் உட்பட எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் என்பவர் சொஸைட்டி அங்கத்தினர்களுக்கு முன்னால் அந்த ஜந்துக்களைக் காட்டிவிட்டார். புதுச் சங்கதியைச் சொன்னவர் பக்கத்திலும் பொறுமை இருந்தது, கேட்டவர்கள் பக்கத்திலும் பரிசோதித்துப் பார்க்கும் நேர்மை இருந்தது. ஆனால் ஓல்டன்பர்க் அதைப் பார்க்கவில்லை. செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

இந்த ஹூக்கைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அபாரமான மூளை; அபாரமான கை. 1665-ல் அவர் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா'வில் ஈயையும் தெள்ளுப்பூச்சியையும் யானை மாதிரி வரைந்து காட்டியவர். ஆனால் எந்தப் புதுப் பேச்சு வந்தாலும், "இது எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்லுகிற சுபாவம் அவரிடம் இருந்தது. நம் சங்கீத சபாக்களின் முன்வரிசையில் இந்த சுபாவத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.

1672 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து ஐசக் நியூட்டன் என்ற இளைஞர் ஓல்டன்பர்க்குக்கு எழுதினார். உங்கள் வாராந்தரக் கூட்டங்கள் இன்னும் எவ்வளவு காலம் நடக்கும், ஒரு விஷயம் அனுப்பலாம் என்றிருக்கிறேன் என்று முதலில் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஆள் விட்டுச் சொல்வது போன்ற மரியாதை. பிறகு பிப்ரவரி 6-ந் தேதி, ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு கடிதம்: வெள்ளை வெளிச்சம் பல நிறங்களின் கலப்பு என்பது. கூட்டத்தில் படித்தார்கள், பாராட்டினார்கள், பத்திரிகையிலும் உடனே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஹூக் தம் அபிப்பிராயத்தைக் கொடுத்துவிட்டார். சோதனைகள் சரி, அவற்றை நான் முன்பே செய்து பார்த்திருக்கிறேன், முடிவு மட்டும் சரியில்லை என்பது அதன் சாரம். மூன்று நாலு மணி நேரம்தான் அதற்குச் செலவழித்தேன் என்று பின்னால் அவரே சொன்னார். நியூட்டன் அதற்கு வருஷக்கணக்கில் செலவழித்திருந்தார்.

பதில் எழுதுகிறபோது ஆளின் பெயரைச் சொல்லாமல், ஆட்சேபத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள் என்று ஓல்டன்பர்க் நியூட்டனுக்கு யோசனை சொன்னார். நியூட்டனும் முதலில் தலையாட்டினார். ஜூன் மாதம் வந்த பதிலில் ஹூக்கின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு வேறு சிலரும் ஆட்சேபித்தார்கள். நியூட்டனுக்குப் பேச்சே கசந்துபோயிற்று. 1673-ல் சொஸைட்டியிலிருந்து என்னை நீக்கிவிடுங்கள் என்றுகூட எழுதிவிட்டார். 1676-ல் ஹூக் நேரடியாக ஒரு சமாதானக் கடிதம் போட்டு, நாம் இருவரும் தனிப்பட்ட முறையில் எழுதிக்கொள்ளலாமே என்றபோது, நியூட்டன் சொன்ன பதில் நயமானது: பல பேர் சாட்சியாக நடக்கிற வாதத்தில் உண்மையைத் தவிர வேறு கவலைகளும் வந்து சேர்ந்துகொள்ளும், தனியாகச் சிநேகிதர்கள் பேசிக்கொள்வதற்கு யோசனை கலப்பது என்று பெயர். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஓல்டன்பர்க் போன பிறகு ஹூக் காரியதரிசிகளில் ஒருவர் ஆனார். 1679 நவம்பர் 24-ந் தேதி அவர் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தைப் போல, அறுந்துபோன பேச்சை மறுபடி தொடங்குவதற்கு ஒரு நல்ல கடிதத்தை நான் பார்த்ததில்லை. அபிப்பிராய பேதம் விரோதத்துக்குக் காரணமாகக் கூடாது என்கிறார். பாரிஸிலிருந்து வந்த நாலு புதுச் செய்திகளைச் சொல்கிறார். தம் கொள்கைகளில் ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார். முக்கியமாக ஒரு கேள்வி: கிரகங்கள் நேர்கோட்டில் ஓடப் பார்க்கின்றன, சூரியன் அவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்துதான் அவை சுற்றி வருகின்றன என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கடைசியாக ஓர் உறுதியும் கொடுக்கிறார். நீங்கள் எழுதுவது எதுவும் உங்கள் இஷ்டமில்லாமல் வேறு யாருக்கும் போகாது.

நியூட்டன் அப்போதுதான் சொந்த ஊரிலிருந்து திரும்பியிருந்தார். அந்த வருஷம் ஜூனில் தாயார் இறந்து, ஆறு மாதம் குடும்ப விவகாரங்களில் போய்விட்டது. மனசு சாஸ்திரத்தில் இல்லை. ஆனாலும் மரியாதைக்கு மரியாதையாக நாலே நாளில் பதில் எழுதினார். உயரத்திலிருந்து விழுகிற பொருளைப் பற்றி ஒரு சோதனையைச் சொல்லி, போகிற போக்கில் ஒரு படமும் போட்டார். பொருள் பூமிக்குள்ளே புகுந்து போக முடியுமானால் நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போய்விடும் என்பது போல. அது தப்பு.

ஹூக் என்ன செய்தார்? அந்தக் கடிதத்தைச் சொஸைட்டிக் கூட்டத்தில் படித்தார். பிறகு, இது தப்பு, பாதை ஒரு மாதிரி நீள்வட்டமாக இருக்கும் என்று திருத்தம் எழுதி, அதையும் கூட்டத்தில் படித்தார். கொடுத்த வாக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

நான் பிறகு சொல்கிறேன் என்ற காரியம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் தென்கோடிச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞன் எனக்கு எழுதினான். முதல் கடிதம். சங்க காலத்து ஔவையாரையும் ஆத்திசூடி பாடிய ஔவையாரையும் ஒரே ஆளாக வைத்துக்கொண்டு நாலு பாரா. அதற்குக் கீழே ஒரு கேள்வி. அன்று மாலை வீட்டுக்கு நாலைந்து எழுத்தாள நண்பர்கள் வந்திருந்தார்கள். கடிதத்தை எடுத்துப் படித்தேன்; எத்தனை நூற்றாண்டு வாழ்ந்த பாட்டி என்று நான் சொல்ல, நல்ல சிரிப்பு. வந்தவர்களில் ஒருவருக்கு அந்த ஊரில் உறவு உண்டு என்பது எனக்குத் தெரியாது. நான் போட்ட பதிலுக்கு அந்தப் பையனிடமிருந்து மறுகடிதம் வரவே இல்லை. பல மாதம் கழித்து அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன். தமிழ் நாடு தன் பெண் புலவரை ஏன் கிழவியாக்கித்தான் கொண்டாடுகிறது என்று கேட்டிருந்தான். இன்று வரை அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்த ஐந்து பேரில் ஒருவருக்கும் கேள்வி காதில் விழவில்லை.

ஹூக்குக்குத் தம் கேள்வியின் பெருமை தெரியும். 1680 ஜனவரியில் இரண்டு கடிதங்கள் எழுதினார். இழுக்கும் சக்தி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் கிரகத்தின் பாதை எந்த வடிவமாக இருக்கும், உங்கள் அருமையான கணக்கு முறையால் நீங்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. ஆனால் நியூட்டன் கணக்குப் போட்டார். போட்டு, பேசாமல் எடுத்து வைத்துவிட்டார். அந்தத் திருத்தம்தான் என்னைக் கணக்குப் போட வைத்தது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நாலு வருஷம் கழிந்தது. 1684 ஜனவரியில் லண்டனில் ஹாலி, ரென், ஹூக் மூன்று பேரும் இதே கேள்வியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிரூபணம் கொண்டுவருகிறவருக்கு நாற்பது ஷில்லிங் பெறுமானமுள்ள புஸ்தகம் தருகிறேன் என்றார் ரென். நிரூபணம் என்னிடம் இருக்கிறது, கொஞ்ச நாள் மறைத்து வைத்திருக்கப் போகிறேன் என்றார் ஹூக். ஹாலி அந்த வருஷம் கேம்பிரிட்ஜுக்கு நேரில் போய்த் தனியாக நியூட்டனைக் கேட்டார். நீள்வட்டம் என்றார் நியூட்டன். எப்படித் தெரியும் என்றார் ஹாலி. கணக்குப் போட்டிருக்கிறேன் என்றார். காகிதத்தைத் தேடினார், அகப்படவில்லை. மறுபடி எழுதி அனுப்புகிறேன் என்றார். அப்படி எழுத ஆரம்பித்ததுதான் வளர்ந்து வளர்ந்து 1687-ல் 'பிரின்சிப்பியா' ஆயிற்று. அச்சுக் கூலியை ஹாலியே கொடுத்தார். சொஸைட்டி தன் பணத்தை மீன்களைப் பற்றிய ஒரு படப் புஸ்தகத்தில் முடக்கியிருந்தது.

அச்சு வேலைக்கு ஏற்பாடு நடக்கும்போது, 1686 மே மாதம், ஹாலிக்கு ஒரு கஷ்டமான பொறுப்பு வந்தது. ஹூக் தம் பெயர் முன்னுரையில் வர வேண்டும் என்கிறார். இதை நியூட்டனுக்கு எழுத வேண்டும். ஹாலி சாமர்த்தியசாலி. சொஸைட்டியின் நன்றி, அச்சு ஏற்பாடு எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு விஷயம் தங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கடிதத்தின் வாலில் அதை வைத்தார். என் வாசகர்களைப் போலவேதான். நியூட்டன் முதலில் அமைதியாகத்தான் இருந்தார். ஜூன் 20-ந் தேதி எழுதிய நீண்ட கடிதத்தில், மூன்றாம் பாகத்தையே வெளியிடப் போவதில்லை என்றார். எழுதி முடித்த பிறகு, கூட்டத்தில் ஹூக் பெரிய ரகளை செய்தார் என்று யாரோ யாரிடமோ கேட்டு வந்து சொல்ல, அதே கடிதத்தில் ஒரு பின் குறிப்பைச் சேர்த்தார். உள்ளே ஏழு வருஷமாக இருந்த கோபமெல்லாம் அதில் கொட்டியது.

ஹாலி சமாதானம் செய்து எழுதினார். கூட்டத்தில் நடந்ததாக உங்களுக்கு வந்து சேர்ந்த செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று விளக்கினார். ஜூலை 14-ந் தேதி நியூட்டன் பதில் போட்டார். ஹூக்கைப் பற்றி எனக்குச் சொன்னதில் சில தவறுகள் இருந்தது இப்போது தெரிகிறது, அந்தப் பின் குறிப்பை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது.